எழுதச் சொன்னால் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

“பேசச் சொன்னா நாள் முழுக்கப் பேசுவான் சார். எழுதுடான்னா மட்டும் வயிறு வலிக்குதும்பான்.” பெற்றோர் கூட்டங்களில் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. விடை அந்தப் புகாரின் முதல் பாதியிலேயே இருக்கிறது. நாள் முழுக்கப் பேசுகிற பிள்ளைக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது, சொல்லவும் தெரிகிறது, கேட்க ஆள் இருந்தால் ஆசையும் இருக்கிறது. வாய்க்கும் நோட்டுக்கும் இடையில்தான் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது. எந்த இடத்தில் அடைப்பு என்று பார்க்காமல் ‘சோம்பேறி’ என்று சொல்லிவிட்டால், நம் வேலை சுலபமாக முடிந்துவிடும். பிள்ளையின் சிக்கல் அப்படியே இருக்கும்.

பத்து வரி எழுதும்போது ஒரு மாணவர் ஒரே நேரத்தில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். என்ன சொல்வது என்று தீர்மானிக்க வேண்டும். அதை வாக்கியமாக்க வேண்டும். பேச்சில் வந்த வாக்கியத்தை எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டும். எந்த ளகரம், எந்த றகரம், எங்கே ஒற்று மிகும் என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். எழுத்து கோட்டுக்குள் நிற்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில், மனதில் வந்து நிற்கும் அடுத்த வாக்கியம் நழுவிப் போகக் கூடாது. பெரியவர்களுக்கு இதில் பாதி வேலை தன்னால் நடந்துவிடுவதால் இந்தச் சுமை நம் கண்ணில் படுவதே இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு ‘ஞ’ எழுதுவதே தனி வேலை. கவனம் முழுவதும் எழுத்தின் சுழியிலேயே செலவாகிவிட்டால் யோசிக்க என்ன மிஞ்சும்?

அமெரிக்காவில் வர்ஜீனியா பெர்னிங்கர், ஸ்டீவ் கிரகாம் போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இதைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். தொடக்கப் பள்ளி வயதில் கையெழுத்து தங்குதடையில்லாமல் ஓடத் தொடங்கினால், பிள்ளைகள் எழுதும் அளவு மட்டுமல்ல, எழுதும் விஷயத்தின் தரமும் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. அதாவது கையெழுத்துப் பயிற்சி அழகுக்காக மட்டும் அல்ல. கை பழகினால் மூளைக்கு யோசிக்க இடம் கிடைக்கிறது.

ஆகவே எழுத மறுக்கும் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “கை வலிக்குதா?” என்பதுதான். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பென்சிலைப் பிடித்திருக்கும் விரல் நுனி வெளுத்திருக்கிறதா? தாளைத் திருப்பித் தடவினால் எழுத்துகள் மேடாகத் தட்டுப்படுகின்றனவா? அப்படியானால் வேண்டியதைவிட அதிகமாக அழுத்தி எழுதுகிறது பிள்ளை. பத்து நிமிடத்தில் வலிக்கத்தான் செய்யும். தரையில் நோட்டை வைத்துக் குனிந்து எழுதினாலும், பெஞ்சு உயரமாகிக் கால் தொங்கினாலும் முதுகும் தோளும் சேர்ந்து வலிக்கும். பழைய கடைகளில் கணக்கப்பிள்ளைக்கு முன்னால் ஒரு சாய்வு மேசை இருக்குமே, அது எவ்வளவு யோசித்துச் செய்த பொருள் என்று இப்போது தெரிகிறது. ஒரு பலகையைச் சாய்த்து வைத்துக் கொடுத்தாலே போதும். செயல்வழிக் கற்றல் வந்தபோது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை பூசினார்கள். அதில் பெரிது பெரிதாக எழுதுவது கைக்கு நல்ல பயிற்சி. இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற முயல வேண்டாம். தாளின் கீழ் வலது மூலை நெஞ்சுக்கு நேராக வரும்படி சாய்த்து வைக்கச் சொன்னால் மணிக்கட்டு வளையாமல் எழுதும்.

கை சரியாக இருந்தும் வெறுப்பு இருக்கிறது என்றால், அதை நாமே ஊட்டி வளர்த்தோமா என்று பார்க்க வேண்டும். ‘இம்போசிஷன்’ என்ற ஒன்றை நம் பள்ளிகள் இன்னும் விடவில்லை. வீட்டுப்பாடம் முடிக்கவில்லையா, ஐம்பது தடவை எழுது. பேசினாயா, நூறு தடவை எழுது. இதை எப்படி எழுதுவார்கள் என்று எழுதிய எல்லோருக்கும் தெரியும். “நான் இனி வகுப்பில் பேச மாட்டேன்” என்ற வாக்கியத்தில் ‘நான்’ என்பதை மட்டும் மேலிருந்து கீழாக வரிசையாக எழுதுவார்கள். பிறகு அடுத்த பத்தியில் ‘இனி’. பிறகு ‘வகுப்பில்’. கெட்டிக்காரர்கள் இரண்டு பேனாவைச் சேர்த்துக் கட்டி ஒரே இழுப்பில் இரண்டு வரி எழுதுவார்கள். வாக்கியம் அங்கே செத்துவிட்டது. அதன் பொருள் எவர் மனதிலும் ஏறவில்லை. ஏறுவது ஒன்றுதான்: எழுதுவது என்றால் தண்டனை. விளையாட்டைத் தண்டனையாக நாம் கொடுப்பதில்லை, பாட்டைக் கொடுப்பதில்லை, எழுத்தை மட்டும் கொடுக்கிறோம். பிறகு “எழுதப் பிடிக்கவில்லை” என்றால் ஆச்சரியப்படுகிறோம். இம்போசிஷனை ஒழிக்க எந்தத் திட்டமும் நிதியும் தேவையில்லை. தலைமை ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தண்டனை போக மிச்சமுள்ள எழுத்தும் பெரும்பாலும் பார்த்து எழுதுவதுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டுகளை ஒருநாள் எடுத்துப் புரட்டுங்கள். கரும்பலகையில் இருந்த வினா விடை, உரைநூலில் இருந்த வினா விடை, புத்தகத்தில் கோடு போட்டுக் கொடுத்த வினா விடை. அந்தப் பிள்ளையே யோசித்து எழுதிய வாக்கியம் ஒன்றாவது கண்ணில் படுகிறதா என்று தேடுங்கள்.

இனி மொழிக்கு வருவோம். தமிழ்ப் பிள்ளைகளின் தனிச் சிரமம் இங்கேதான் இருக்கிறது. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது வேறு தமிழ். ஒரே மொழி இப்படி இரண்டு நிலைகளில் வழங்குவதை சார்லஸ் பெர்குசன் என்ற மொழியியலாளர் 1959இல் விரிவாக எழுதினார். இரட்டை வழக்கு என்று அதைச் சொல்கிறோம். அரபிக்காரர்களுக்கும் இந்தச் சிரமம் உண்டு. “நேத்து எங்க ஆயா வீட்டுக்குப் போயிருந்தப்ப ஆடு குட்டி போட்டுச்சு” என்பது பிள்ளையின் வாயில் வரும் வாக்கியம். “நேற்று என் பாட்டியின் வீட்டிற்குச் சென்றிருந்தபோது ஆடு குட்டி ஈன்றது” என்பது நோட்டில் எதிர்பார்க்கப்படுவது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ‘வீடும்’ ‘ஆடும்’ ‘குட்டியும்’தான். சொல்ல வந்ததைச் சொல்லிக்கொண்டே கூடவே மொழிபெயர்க்கவும் வேண்டும் என்றால் எந்தப் பிள்ளைக்கும் மூச்சு முட்டும். மொழிபெயர்க்கத் தேவையில்லாத, ஏற்கெனவே எழுத்துத் தமிழில் இருக்கிற மனப்பாட வாக்கியங்களைப் பிடித்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. எல்லாக் கட்டுரையும் ஒரே மாதிரி இருப்பதன் ரகசியம் இதுதான்.

ஒரு உதாரணம். ஏழாம் வகுப்பில் ‘எங்கள் ஊர்’ என்று தலைப்புக் கொடுத்தால் பெரும்பாலும் இப்படி வரும்: “எங்கள் ஊர் மிகவும் அழகான ஊர். எங்கள் ஊரில் பல மரங்கள் உள்ளன. மக்கள் ஒற்றுமையாக வாழ்கின்றனர்.” அதோடு பேனா நின்றுவிடும். தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு, அதே மாணவனிடம் “உங்க தெருவுல தண்ணி எப்படா வரும்?” என்று கேட்டுப் பாருங்கள்.

“ரெண்டு நாளைக்கு ஒருக்கா வரும் சார். எப்ப வரும்னே தெரியாது. ராத்திரி ஒரு மணிக்குக்கூட வரும். எங்கம்மா முந்தின நாளே குடத்தையெல்லாம் வரிசையில வச்சிருவாங்க. பக்கத்து வீட்டு அத்தை எங்க குடத்த நகத்தி வச்சிட்டாங்கன்னு ஒரு நாள் செம சண்டை. இப்ப எல்லாக் குடத்துலயும் பெயிண்டுல பேர் எழுதியிருக்கோம்.”

ஊரின் ஒற்றுமை என்ன ஆயிற்று என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஐந்தாறு வாக்கியங்களில் ஓர் ஊர் கண்ணுக்குத் தெரிகிறது. ஆசிரியர் செய்ய வேண்டியது, அவன் சொல்லச் சொல்ல அதை அப்படியே, பேச்சு வழக்கிலேயே, கரும்பலகையில் எழுதுவது. தான் பேசியது எழுத்தாக நிற்பதை அவன் பார்க்க வேண்டும். அதன் பிறகு, “இதைப் புத்தகத்துல எழுதுற மாதிரி மாத்தலாமா?” என்று வகுப்பையே சேர்த்துக்கொள்ளலாம். ‘ஒருக்கா’ என்பது ‘ஒருமுறை’ ஆகட்டுமா, ‘வச்சிருவாங்க’ என்பதற்கு என்ன போடலாம், ‘செம சண்டை’யை என்ன செய்வது? ‘கடுமையான சண்டை’ என்று ஒருத்தி சொல்வாள். ‘பெரிய சண்டை’ போதும் என்று இன்னொருவன் சொல்வான். இலக்கண வகுப்பில் வராத கேள்விகளெல்லாம் அப்போது வரும். யோசிப்பது ஒரு வேளை, மொழி மாற்றுவது வேறு வேளை என்று பிரித்துவிட்டோம், செய்தது அவ்வளவுதான். வீட்டில் செய்வதானால் கைபேசியில் தமிழில் பேசினால் எழுத்தாகும் வசதி இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. பிள்ளை பேசட்டும், திரையில் வருவதைப் பார்த்து நோட்டில் திருத்தி எழுதட்டும். கட்டுரையையே எழுதித் தரும்படி செயற்கை நுண்ணறிவிடம் கேட்பதும் அதே கைபேசியில்தான் நடக்கிறது. சொல்வது யாருடைய அனுபவம் என்பதில்தான் இரண்டுக்கும் வித்தியாசம்.

திருத்துவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆர்வத்தோடு எழுதிய பிள்ளைகளையும் நாம் இழப்பது இந்த இடத்தில்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்:

“நேற்று மளை பெய்தது. பள்ளிகூடம் விட்டு வந்தோம். என் தங்கச்சி குடையை எனக்கு குடுத்துவிட்டு அவள் நனைந்தாள்.”

சிவப்புப் பேனா என்ன செய்யும்? வட்டம், வட்டம், வட்டம். ஓரத்தில் ‘எழுத்துப்பிழை’ என்று எழுதி, பத்துக்கு நான்கு போடும். தங்கை குடையைக் கொடுத்ததை யாரும் படிக்கவே இல்லை. எழுதியதிலேயே முக்கியமானது அதுதான். அடுத்த முறை பிள்ளை தனக்குப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து எழுதும். தங்கை வர மாட்டாள், மரங்கள் வரும்.

அந்தப் பிழைகளையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எல்லாம் ஒரே வகை அல்ல. ‘மளை’ என்பது உச்சரிப்பால் வந்தது. தென்மாவட்டங்களில் பலர் ழகரத்தை ளகரமாகவே சொல்கிறார்கள். காதில் கேட்டதைப் பிள்ளை நேர்மையாக எழுதியிருக்கிறது. ‘பள்ளிகூடம்’ ஒற்று மிகாததால் வந்த பிழை. ‘தங்கச்சி’யும் ‘குடுத்து’ம் பேச்சு வழக்கு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ‘கவனக்குறைவு’ என்று ஒரே முத்திரை குத்தினால் ஒன்றுக்கும் மருந்து கிடைக்காது. 1970களில் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் கதவுகளை எல்லோருக்கும் திறந்தபோது, பிழை மலிந்த கட்டுரைகளோடு ஏழை வீட்டு இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். அங்கே கற்பித்த மினா ஷாக்னசி ஆயிரக்கணக்கான கட்டுரைகளைப் படித்து, பெரும்பாலான பிழைகளுக்குப் பின்னால் ஒரு காரணம், ஒரு கணக்கு இருக்கிறது என்று 1977இல் ஒரு நூலே எழுதினார். திருத்துபவர் தேட வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.

அப்படியானால் பிழையை விட்டுவிடுவதா? கூடாது. வரிசையை மாற்றிக்கொண்டால் போதும். முதலில் விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள்: “தங்கச்சி ஏன் குடையைக் குடுத்தா? நீ வேணாம்னு சொல்லலையா?” பிள்ளை வாயால் சொல்லும். “அதையும் ஒரு வரி சேத்து எழுது” என்று சொல்லுங்கள். பிறகு ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ழகரம். மழை, குழந்தை, வாழை, கிழவி என்று அவர்கள் எழுதியவற்றிலிருந்தே சொற்களைப் பொறுக்கிப் பலகையில் போடுங்கள். ஒற்று அடுத்த வாரம் வரட்டும். மதிப்பெண்ணை எல்லாவற்றிலும் போட வேண்டியதில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு நோட்டையும் வரி வரியாகத் திருத்துவது ஆசிரியருக்கும் ஆகாத காரியம். அதற்குப் பயந்தே பலர் எழுத வைப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். எழுதியதில் ஒரு பகுதியை மட்டும் திருத்துவது ஒன்றும் குற்றமில்லை.

திருத்தவே திருத்தாத எழுத்துக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973இல் வெளியிட்ட நூலில் தங்குதடையற்ற எழுத்து என்ற பயிற்சியைப் பிரபலப்படுத்தினார். விதி எளிது. குறித்த சில நிமிடங்களுக்குப் பேனாவை நிறுத்தாமல் எழுத வேண்டும். அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால் ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்றே எழுதிக்கொண்டிருக்க வேண்டும். யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்கள். காலை முதல் பாடவேளையில் ஐந்து நிமிடம் இதற்குக் கொடுத்தால் போதும். முதல் சில நாள் வகுப்பே சிரிக்கும். பிறகு எழுத ஆரம்பிக்கும். எழுதப் பயப்படும் பிள்ளைகளுக்கு இது முக்கியம். பயந்தவன் எழுதாமல் தப்பிக்கிறான், எழுதாததால் பழக்கம் போகிறது, பழக்கம் இல்லாததால் மோசமாக எழுதுகிறான், அதனால் பயம் கூடுகிறது. எழுதப் பயப்படுவதையே அளக்க முடியும் என்று 1975இல் ஜான் டேலியும் மைக்கேல் மில்லரும் ஒரு வினாப்பட்டியல் தயாரித்த பிறகு, இந்தச் சுழற்சியைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். மதிப்பெண் இல்லாத எழுத்துதான் அதை அறுக்க எளிய வழி.

அடுத்தது, யாருக்காக எழுதுவது என்ற கேள்வி. பள்ளிக் கட்டுரையைப் படிப்பவர் ஒரே ஆள். அவரும் பிழை தேடத்தான் படிக்கிறார். கடிதம் எழுதச் சொல்கிறோம், உறைமேல் முகவரி வரை எழுதச் சொல்கிறோம், ஆனால் அந்தக் கடிதம் தபால்பெட்டியைப் பார்ப்பதே இல்லை. பிரான்சின் தெற்கே பார்-சூர்-லூ என்ற கிராமத்தில் செலஸ்தீன் ஃப்ரெனே என்ற ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். வகுப்பில் நெடுநேரம் பேச அவரால் முடியாது. 1920களில் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். தொலைவில் உள்ள பள்ளிக்கு அனுப்பிவைத்து, அவர்கள் எழுதியதை வாங்கிப் படித்தார்கள். முகம் தெரியாத ஒரு பிள்ளை படிக்கப் போகிறது என்றால் எழுத்துப்பிழை தானாகவே உறுத்தும்.

இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தின் கதை இன்னும் சுவையானது. பரீட்சையில் தேறாமல் பள்ளியை விட்டு வெளியேற்றப்பட்ட விவசாயக் குடும்பத்துப் பையன்களுக்கு லோரன்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கே பாடம் நடத்தினார். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைப் போன்றவர்களைத் தோற்கடிக்கும் ஓர் ஆசிரியைக்கு எழுதிய நீண்ட கடிதம் 1967இல் புத்தகமாக வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. தாங்கள் எப்படி எழுதினோம் என்பதையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு குறிப்பேடு. தோன்றுவதை ஒரு தாளுக்கு ஒரு கருத்து என்று குறித்துவைப்பது. ஒருநாள் எல்லாத் தாள்களையும் பெரிய மேசையில் பரப்பி, ஒன்றுபோல் இருப்பவற்றைக் கழித்து, தொடர்புள்ளவற்றைச் சேர்த்துக் குவிப்பது. குவியல் ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயம். ஒரு பத்திக்குத் தலைப்பு வைக்க முடியவில்லை என்றால் அதில் ஒன்றுமே இல்லை, அல்லது பல விஷயங்கள் சிக்கிக் கிடக்கின்றன. பிறகு கத்தரிக்கோலும் பசையும். அதன் பிறகு, எந்தச் சொல்லை நீக்கலாம் என்று கண்டுபிடிப்பதில் போட்டி. கடைசியில் அதிகம் படிக்காத வெளியாட்களை அழைத்து உரக்கப் படிக்கச் சொல்லி, புரிகிறதா என்று பார்ப்பது. எழுத வராது என்று ஒதுக்கப்பட்ட பையன்கள் இவர்கள். ஒற்றை ஆளாக வெற்றுத்தாளை முறைத்துக்கொண்டு உட்காராமல், கூடிப் பேசி, வெட்டி, ஒட்டி எழுதலாம் என்பதை நம் எட்டாம் வகுப்பில் துண்டுத்தாள்களை வைத்தே செய்து பார்க்கலாம்.

நமக்கும் இது புதிதில்லை. கையெழுத்துப் பத்திரிகை நடத்தி எழுதப் பழகிய எழுத்தாளர்கள் தமிழில் ஒரு தலைமுறையே உண்டு. ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா, படம் போடத் தெரிந்த ஒருவன் இருந்தால் போதும். பள்ளிக் கல்வித் துறை மாணவர்களுக்காகவே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களைக் கொண்டுவருகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ 1980களிலிருந்து வருகிறது. வகுப்புச் சுவரே ஒரு பத்திரிகையாகவும் இருக்கலாம். ஊராட்சிக்குத் தெருவிளக்கு கேட்டு மனு எழுதி, அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும் வரலாம். விளக்கு எரிந்தால், தேர்வின் கடிதப் பகுதிக்கு அப்புறம் தனிப் பயிற்சி வேண்டாம்.

தேர்வு என்ன ஆவது என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் படத்தைக் கொடுத்து, கண்டதை எழுதச் சொல்லும் கேள்வி இருக்கிறது. எந்தப் படத்துக்கும் ஒருவாறு பொருந்தும் சில வரிகளை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் அதிலும் உண்டு. சொந்தமாக எழுதப் பழகியவனுக்கு அந்த மனப்பாடம் தேவைப்படாது. முன்னுரை, முடிவுரை என்று சட்டகம் போட்டு எழுதச் சொன்னாலும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வான். சட்டகத்தை மட்டும் கற்றவனுக்குச் சொந்தமாக ஒரு வரி எழுத ஒரு வாரம் போதாது.

இவ்வளவும் செய்தும் மாறாத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். வாயால் கேட்டால் பதில் கச்சிதமாக வரும், எழுத்தில் வராது. ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். எழுத்துகள் பெரிதும் சிறிதுமாக, சொற்களுக்கு இடைவெளி இல்லாமல் ஒட்டிக் கிடக்கும். வகுப்பே முடித்த பிறகும் பாதியில் இருப்பார்கள். இது ‘டிஸ்கிராஃபியா’ எனப்படும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அடித்தோ, கூடுதலாக எழுத வைத்தோ தீராது. அறிவுக் குறைவும் அல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. உரிய மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆள், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். சான்று வாங்கவும் பள்ளி வழியாக விண்ணப்பிக்கவும் நாளாகும் என்பதால், பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமை ஆசிரியரைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள்.